மரத்துக்கு முன்னால் ஸ்டாண்ட்: முதன்முதலாக நிஜ கிறிஸ்மஸ் மரம் வைப்பவர்களுக்கு

நவம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், டொரொண்டோ பக்கத்து மளிகைக் கடை வாசல்களில் வலை சுற்றிய மரங்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் போகாதவர்கள் என்ற பேதமில்லாமல், பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஒன்றை வாங்கிக் காரில் கட்டிவிடுகிறார்கள். மரத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவார்கள். ஸ்டாண்டை மட்டும் பணம் கட்டும் இடத்தில் எது அடுக்கியிருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் சொல்வது தலைகீழ்: முதலில் ஸ்டாண்டை வாங்குங்கள், அதற்கு ஏற்ற மரத்தை அப்புறம் பார்க்கலாம்.

காரணம், ஸ்டாண்டுக்கு இரண்டு வேலை. ஏழடி உயர மரத்தை, அதுவும் இருபது கிலோ வரை எடை வரக்கூடியதை, அலங்காரத்தோடு நிமிர்த்திப் பிடிப்பது ஒன்று. அதற்குத் தண்ணீர் கொடுப்பது இன்னொன்று. முதல் வேலையைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள், இரண்டாவதைப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் நினைக்கிறார்கள். ஊரில் சவுக்குக் கிளையை மணல் நிரப்பிய வாளியில் நட்டு நட்சத்திரம் தொங்கவிட்டால் சில நாளுக்கு அது போதும். கல்யாண வாசலில் கட்டும் வாழைமரமும் அப்படித்தான், அன்றைக்கு நின்றால் சரி. இங்கே ஹீட்டர் இரவு பகலாக ஓடும் வறண்ட வீட்டுக்குள், வெட்டிய மரம் நாலு வாரம் பச்சையாக நிற்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் அது நடக்காது.

எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்

மரம் வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு எளிது. அடித்தண்டின் விட்டம் எத்தனை அங்குலமோ அத்தனை குவார்ட் தண்ணீர் ஸ்டாண்டில் பிடிக்க வேண்டும். ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு, ஆகவே அங்குலத்துக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு அடி மரத்துக்கு அடித்தண்டு பொதுவாக நாலு அங்குலத்தை ஒட்டி இருக்கும். அப்படியென்றால் குறைந்தது 4 லிட்டர்.

பெட்டியில் எழுதியிருக்கும் அளவை அப்படியே நம்பக் கூடாது, ஏனென்றால் அது வெறும் தொட்டியின் கொள்ளளவு. மரத்தை உள்ளே இறக்கியதும் தண்டே ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். நாலு அங்குலத் தண்டு ஆறு அங்குல ஆழத்துக்கு உள்ளே நின்றால், அது மட்டுமே ஒரு லிட்டருக்கு மேல் இடத்தைப் பிடிக்கிறது. ஆக 4 லிட்டர் என்று எழுதிய ஸ்டாண்டில் மூன்று லிட்டர்கூடத் தங்காது. அதோடு, தண்டின் வெட்டிய முகத்துக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் மரத்துக்கு எட்டாது. சில ஸ்டாண்டுகளில் நடுவில் இருக்கும் கூர்முனைகள் தண்டை ஓர் அங்குலம் தூக்கி நிறுத்தும், அந்த ஓர் அங்குலத் தண்ணீரும் கணக்கில் சேராது. இதனால்தான் எப்போதும் தேவைக்கு ஒரு சுற்றுப் பெரிய ஸ்டாண்டை வாங்கச் சொல்கிறேன். பெரிய ஸ்டாண்டில் சிறிய மரம் நிற்கும். மாற்றிச் செய்ய முடியாது.

அளவு எழுதாத ஸ்டாண்ட் கையில் கிடைத்தால், வீட்டில் ஒரு லிட்டர் பால் பெட்டியால் அளந்து ஊற்றிப் பாருங்கள். அந்தச் சாக்கிலேயே ஒழுகுகிறதா என்பதும் தெரிந்துவிடும். குளியல் தொட்டிக்குள் வைத்து நிரப்பி, ஒரு ராத்திரி விட்டுவிடுவது நல்லது. பழைய ஸ்டாண்டை யாரிடமாவது வாங்கியிருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே வேண்டாம்.

எந்த வகை

கடையில் மலிவாகக் கிடைப்பது, மூன்று கால் வைத்த இரும்பு வளையமும் நடுவில் சிறு கிண்ணமும் உள்ளது. பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் கிண்ணம் மிகச் சின்னது, முதல் நாளே வற்றிவிடும். நாலடி மரம், மேசை மேல் வைக்கும் மரம் என்றால் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அகலமான பிளாஸ்டிக் தொட்டியும் நாலு நீளத் திருகுகளும் உள்ள வகை. விலை அதிகமில்லை, தண்ணீர் நன்றாகப் பிடிக்கும், கெட்டுப்போக எதுவும் இல்லை. பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள்: அடிப்பாகம் எவ்வளவு அகலம், திருகுகள் எவ்வளவு உயரத்தில் தண்டைப் பிடிக்கின்றன, தொட்டியின் நடுவில் தண்டை நகராமல் வைக்க முள் இருக்கிறதா. திருகு மேலே இருந்தால் பிடி நன்றாக இருக்கும். திருகு தாழ்ந்தும் அடிப்பாகம் குறுகியும் இருக்கிற ஸ்டாண்ட், எத்தனை வலுவான இரும்பானாலும், ஏழடி மரத்தைத் தாங்காது.

கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் கால்மிதி வைத்த வகை இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்த கிரின்னர் நிறுவனத்தின் ஸ்டாண்டுகள் இதில் பெயர் பெற்றவை. சுற்றிலும் உள்ள நகங்களை ஒரே ஒரு கம்பிக்கயிறு இணைக்கிறது. மிதியை அழுத்த அழுத்தக் கயிறு இறுகும், எல்லா நகங்களும் சேர்ந்து தண்டைக் கவ்விக்கொள்ளும். தண்டு கோணலாக இருந்தாலும் ஒவ்வொரு நகமும் தன் இடத்தைத் தேடிக்கொள்வதுதான் இதன் அழகு. தரையில் படுத்து நாலு திருகோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதுகு வலி உள்ளவர்களுக்கும், தனியாக மரம் வைப்பவர்களுக்கும் இது கொடுத்த காசுக்குத் தகும். ஒவ்வொரு வருடமும் மரம் வைக்கிற வீடு என்றால் யோசிக்காமல் வாங்கலாம். முதல் வருடம், இனிமேல் வைப்போமா என்றே தெரியாது என்றால் பிளாஸ்டிக் தொட்டியே போதும்.

இன்னொன்று இரண்டு துண்டாக வருவது. மேல் பாகத்தை மரம் படுத்திருக்கும்போதே அடித்தண்டில் திருகி மாட்டிவிட வேண்டும். பிறகு மரத்தைத் தூக்கி, தரையில் இருக்கும் கீழ்ப் பாகத்தில் இறக்கினால் போதும். நிறுத்திய பிறகும் சாய்வைச் சரிசெய்து பூட்ட முடியும். எட்டடிக்கு மேற்பட்ட கனமான மரங்களுக்கு ஏற்றது.

மர விற்பனை இடங்களில் நடுவில் ஒற்றை ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டாண்டைப் பார்ப்பீர்கள். அங்கேயே இயந்திரத்தில் அடித்தண்டில் நேர்செங்குத்தாகத் துளை போட்டு, ஆணியின் மேல் மரத்தை இறக்கிவிடுவார்கள். வேலை நொடியில் முடியும். ஆனால் துளை கொஞ்சம் கோணினால் மரமும் கோணும், திருத்த வழியில்லை. வீட்டு டிரில்லை வைத்துக்கொண்டு இதை நீங்களே முயல வேண்டாம். துளை போட்டால் மரம் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம்.

இரண்டு பலகையைச் சிலுவையாக வைத்து அடியில் ஆணி அடித்த மரக்கட்டை ஸ்டாண்டுகள் ஐரோப்பாவில் அதிகம். தண்ணீருக்கு அதில் இடமே கிடையாது. கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு வைத்துப் புத்தாண்டோடு எடுத்துவிடும் பழக்கம் உள்ள வீட்டுக்குத்தான் அது. டிசம்பர் முதல் வாரத்திலேயே மரம் வைக்கிற நமக்குச் சரிவராது.

செயற்கை மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அதன் ஸ்டாண்ட் உடைந்தால் நிஜ மரத்து ஸ்டாண்டை மாட்ட முடியாது, நடுக் கம்பியின் விட்டத்தை அளந்து அதற்கென்றே விற்கும் மாற்று ஸ்டாண்டை வாங்க வேண்டும்.

இடமும் அளவும்

மரம் வாங்கப் போகுமுன் இரண்டு காரியம். முதலாவது, நீங்கள் இருப்பது அபார்ட்மென்டோ காண்டோவோ என்றால் நிஜ மரம் வைக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். பல கட்டடங்களில் தீ பயத்தால் தடை இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்திலோ கட்டட விதியிலோ எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது, கூரை உயரம். வழக்கமான வீடுகளில் எட்டடி. அடித்தளக் குடியிருப்பில், அதாவது பேஸ்மென்டில், ஏழடியோ அதற்கும் குறைவோ இருக்கும். ஸ்டாண்ட் சில அங்குலம் தூக்கும், உச்சியில் நட்சத்திரமோ தேவதையோ பத்து அங்குலம் வாங்கிக்கொள்ளும். ஆகவே கூரையிலிருந்து ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலேயே கழித்து, மிச்சத்துக்கு மரம் பாருங்கள். வெளியே திறந்த இடத்தில் எல்லா மரமும் சின்னதாகத்தான் தெரியும். வீட்டுக்குள் வந்ததும்தான் அதன் சுயரூபம். அதனால் கையில் அளவு நாடா இருக்கட்டும், உயரத்தோடு அடித்தண்டின் குறுக்களவையும் பாருங்கள். உங்கள் ஸ்டாண்ட் எத்தனை அங்குலத் தண்டு வரை பிடிக்கும் என்பதைப் போனில் குறித்துக்கொண்டு போனால் வாக்குவாதமே இல்லை.

வைக்கும் இடம் ஹீட்டர் துவாரத்துக்கு மேலோ, ரேடியேட்டர், கணப்பு, அடுப்பு பக்கத்திலோ இருக்கக் கூடாது. மூன்று அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் அறிவுரை. தரையில் சூடான காற்று வரும் துவாரம் பக்கத்தில் இருந்தால் மரம் இருக்கும் வரை அதன் மூடியைச் சாத்திவிடுங்கள். வாசலை மறைக்காமலும் இருக்கட்டும்.

மரத்தின் வகையைப் பற்றி நிறையப் பேசலாம், இங்கே சுருக்கமாக. ஃபிரேசர் ஃபர், பால்சம் ஃபர் இரண்டும் ஊசியிலையை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும், வாசனையில் பால்சம் ஒரு படி மேல். இது கிழக்குக் கனடாவின் சொந்த மரம். 1917 ஹாலிஃபாக்ஸ் வெடிவிபத்தின்போது உதவிக்கு ஓடிவந்த பாஸ்டன் நகரத்துக்கு நன்றியாக நோவா ஸ்கோஷியா 1971 முதல் ஆண்டுதோறும் ஒரு பெரிய மரம் அனுப்பி வருகிறது. அந்த மாகாணத்துப் பால்சம் இங்கே கடைகளிலும் வரும். ஸ்ப்ரூஸ் மரங்கள் வடிவில் அழகு, ஆனால் சூடான அறையில் சீக்கிரம் உதிரும். லண்டனிலோ ஜெர்மனியிலோ இருப்பவர்களுக்கு நோர்ட்மன் ஃபர் நல்ல தேர்வு.

புதிதாக வெட்டியதா என்று பார்க்க, ஒரு கிளையை உள்ளங்கையில் பிடித்து நுனிவரை மெல்ல உருவுங்கள். பச்சை ஊசிகள் கையோடு வந்தால் அடுத்த மரத்துக்குப் போங்கள். உள்ளே சிக்கியிருக்கும் பழுப்பு ஊசிகள் உதிர்வது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்புறம் அடிப்பாகம். கீழிருந்து எட்டு அங்குலம் வரை தண்டு நேராக, கிளையில்லாமல் இருக்க வேண்டும். வளைந்த அடித்தண்டை எந்த ஸ்டாண்டாலும் நிமிர்த்த முடியாது. மேலே எவ்வளவு அழகான மரமாக இருந்தாலும் சரி.

அடியை அறுப்பது

வெட்டிச் சில மணி நேரமானதுமே தண்டின் வெட்டுமுகத்தில் பிசின் உறைந்து, நீர் ஏறும் நுண்குழாய்களில் காற்றும் புகுந்து அடைத்துக்கொள்ளும். கடையில் நிற்கும் மரத்தை வெட்டி எத்தனை நாளானதோ தெரியாது. எனவே அடியிலிருந்து அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை புதிதாக அறுத்தாக வேண்டும். பெரும்பாலான விற்பனை இடங்களில் கேட்டாலே செய்து தருவார்கள். ஆனால் அறுத்த நேரத்திலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் தண்ணீரில் வைத்துவிட வேண்டும். கடையில் அறுத்துக்கொண்டு வந்து, மறுநாள் சனிக்கிழமை வைக்கலாம் என்று கராஜில் சாய்த்து வைத்தால் அறுத்ததில் பயனில்லை. உடனே வைக்கப் போவதில்லை என்றால் அடிப்பாகத்தைத் தண்ணீர் வாளியில் நிறுத்தி வையுங்கள், அல்லது வைக்கும் நாளில் வீட்டிலேயே அறுங்கள்.

வீட்டில் அறுக்க வில் வடிவ ரம்பம் வேண்டும், பெரிய பல் உள்ளது. பச்சை மரத்தின் பிசினில் சாதாரணத் தச்சு ரம்பம் சிக்கிக்கொள்ளும். வெட்டு தண்டுக்கு நேர்குறுக்காக இருக்கட்டும். சாய்வாகவோ ஆப்பு வடிவிலோ வெட்டினால் அதிகத் தண்ணீர் ஏறும் என்று சிலர் சொல்வார்கள். ஏறாது. சாய்வான அடி ஸ்டாண்டில் உட்காராமல் ஆடும், வெட்டின் ஒரு பக்கம் சீக்கிரம் தண்ணீருக்கு மேலே வந்துவிடும், அதுதான் மிச்சம்.

இன்னொரு தப்பு, தண்டு ஸ்டாண்டுக்குள் நுழையவில்லை என்று பக்கங்களைச் செதுக்குவது. பட்டைக்கு உடனடியாக உள்ளே இருக்கும் வெளி வளையங்கள்தான் தண்ணீரை அதிகமாக இழுப்பவை. அதைச் செதுக்கித் தள்ளிவிட்டு நடுக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பயனில்லை. நுழையாவிட்டால் பெரிய ஸ்டாண்ட் வாங்குங்கள். முதலில் ஸ்டாண்ட், பிறகு மரம் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரின் மேல் கட்டி வரும்போது அடிப்பாகம் முன்புறம் இருக்கட்டும், காற்று கிளைகளைப் பின்பக்கமாகத் தழுவிச் செல்லும். கடும் குளிரில் வந்த மரத்தின் கிளைகள் உறைந்து முறியக்கூடிய நிலையில் இருக்கும். நேராக ஹால் நடுவே கொண்டு வராமல், கராஜிலோ முன்வாசல் அறையிலோ சில மணி நேரம், அடி தண்ணீரில் இருக்கும்படி நிறுத்தி வையுங்கள்.

நிறுத்துவது: இரண்டு பேர் வேலை

முதலில் தரையைத் தயார் செய்யுங்கள். மரத்தரை, கார்ப்பெட் இரண்டுக்குமே ஸ்டாண்டின் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு அவசியம், கார் டிக்கியில் போடும் ரப்பர் தட்டும் நன்றாக உதவும். சொட்டுச் சொட்டாக ஒழுகும் தண்ணீரை, மரத்தடியைச் சுற்றி விரிக்கும் துணியான மரப்பாவாடை மறைத்துவிடும், பத்து நாள் கழித்துத் தரை உப்பிய பிறகுதான் தெரியும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். தட்டுக்கு மேலே மரத்தை எடுத்துப் போகும் பெரிய பையை விரித்து, அதன்மேல் ஸ்டாண்டை வைத்தால் ஜனவரியில் பையை அப்படியே மேலே இழுத்து மரத்தை மூடிவிடலாம்.

வலையை இப்போது பிரிக்காதீர்கள். வலைக்குள் இருக்கும்போதுதான் மரம் கையாள எளிது. மரத்தைப் படுக்கவைத்து, ஸ்டாண்டுக்குள் போகும் நீளத்துக்குக் கீழ்க் கிளைகளைக் கத்தரித்துவிடுங்கள். வெட்டிய கிளைகளைத் தூக்கிப் போட வேண்டாம், வாசல் கதவுக்கு வளையம் கட்ட ஆகும்.

படுத்த நிலையிலேயே ஸ்டாண்டை அடித்தண்டில் செருகுங்கள். தண்டு தொட்டியின் அடியை முட்டும் வரை உள்ளே போக வேண்டும், நடு முள் இருந்தால் அதில் பதிய வேண்டும். பாதியில் தொங்கும் தண்டைத் திருகுகளால் மட்டும் இறுக்கிப் பிடித்தால், அலங்காரம் எல்லாம் முடிந்த நேரத்தில் வழுக்கிச் சாயும். எல்லாத் திருகுகளையும் தண்டைத் தொடும் அளவுக்கு மட்டும் கொண்டு வாருங்கள். இப்போது இருவருமாகத் தூக்கி நிறுத்துங்கள். ஒருவர் தண்டின் நடுவைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர் கீழே படுத்துத் திருகுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருகும் முறை முக்கியம். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிரே உள்ள ஜோடிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்: இந்தப் பக்கம் இரண்டு சுற்று, எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று, பிறகு அடுத்த ஜோடி. நடுநடுவே பிடித்திருப்பவர் "வலப்பக்கம் கொஞ்சம்" என்று சொல்லட்டும். ஆனால் பக்கத்திலேயே நிற்பதால் அவருக்குச் சாய்வு சரியாகத் தெரியாது, யாராவது மூன்றாவது ஆள் அறையின் மூலையில் நின்று பார்ப்பது நல்லது. முன்பக்கமிருந்து ஒரு தடவை, பக்கவாட்டிலிருந்து ஒரு தடவை பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்து நேராக இருக்கிறது என்று முடித்துவிட்டால், சோபாவிலிருந்து பார்க்கும் மாமா தினமும் சொல்லிக்காட்டுவார்.

சாய்வைத் திருத்த வேண்டுமென்றால் ஒரு திருகைத் தளர்த்திய பிறகே எதிர்த் திருகை இறுக்குங்கள். இறுகிய நிலையில் மரத்தைத் தள்ளினால் திருகு முனை தண்டைக் கிழித்துக்கொண்டு போகும், பிறகு பிடிப்பு இருக்காது. தண்டு மெலிந்து திருகு எட்டவில்லை என்றால், திருகுக்கும் தண்டுக்கும் நடுவே சிறிய மரத்துண்டுகளை வையுங்கள். அட்டை, துணி வேண்டாம், தண்ணீரில் ஊறித் தளர்ந்துவிடும்.

எல்லாம் இறுகிய பிறகு தண்டின் நடுவைப் பிடித்து எல்லாப் பக்கமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். மரம் ஸ்டாண்டோடு சேர்ந்து அசைந்தால் சரி. ஸ்டாண்டுக்குள் தனியாக ஆடினால் இன்னும் இறுக்க வேண்டும். அப்புறம் வலையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றி, அன்றைக்கு மரத்தைச் சும்மா விடுங்கள். வீட்டுச் சூட்டில் கிளைகள் இறங்கி விரிய ஓர் இரவாவது ஆகும். மறுநாள் திருகுகளை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் விளக்கு, பொம்மை எல்லாம்.

கையில் ஒட்டிய பிசின் சோப்புக்கு அசையாது. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டால் போய்விடும்.

தண்ணீர் கொடுப்பது

முதல் 24 மணி நேரத்தில் மரம் 4 லிட்டர் வரை குடிப்பது சாதாரணம். ஸ்டாண்ட் ஓட்டை என்று பதறாதீர்கள், தட்டு காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் நாள் காலையும் மாலையும், இரவு படுக்கும் முன்பும் பார்த்து நிரப்புங்கள். சில நாள் கழித்து வேகம் குறையும், அதன் பிறகு தினம் ஒரு முறை பார்த்தால் போதும். காலையில் பல் துலக்குவது மாதிரி வழக்கமாக்கி, வேலையைப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விதி ஒன்றே ஒன்று: தண்ணீர் மட்டம் வெட்டுமுகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் வெட்டு காய்ந்து மறுபடி அடைத்துக்கொள்ளும். உடனே கண்டுபிடித்து நிரப்பினால் பெரும்பாலும் சமாளித்துவிடும். ஒரு நாளுக்கு மேல் காய்ந்து கிடந்தால், அலங்காரத்தைக் கழற்றி மரத்தை இறக்கி மறுபடி அறுப்பதுதான் முறையான வழி, அதை யாரும் செய்யப் போவதில்லை. எனவே ஊருக்குப் போகும் வார இறுதியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள்.

தண்ணீரில் என்ன கலப்பது என்று எல்லோரிடமும் ஒரு ரகசியம் இருக்கும். சர்க்கரை, ஆஸ்பிரின், சோடா, பிளீச், கடையில் விற்கும் உணவுப் பொடி. எதுவும் தேவையில்லை, குழாய்த் தண்ணீர் போதும். சூடான தண்ணீர் சீக்கிரம் ஏறும் என்பதும் வெறும் பேச்சுதான். வீட்டில் நாய், பூனை, தவழும் குழந்தை இருந்தால், ஏதாவது கலந்த தண்ணீரை அவர்கள் வாய் வைக்கும் அபாயமும் உண்டு.

ஊற்றுவதுதான் சிரமம். கீழ்க்கிளைகளுக்கு அடியில் தலையை நுழைத்துக் குவளையால் ஊற்றினால் பாதி தரையில்தான். நீளமான பிளாஸ்டிக் குழாயின் ஒரு நுனியில் புனலைச் செருகி, மறு நுனியைத் தொட்டிக்குள் விட்டு, குழாயைத் தண்டோடு கட்டிவிட்டால் நின்றபடியே ஊற்றலாம். எவ்வளவு ஊற்றுவது என்று தெரிய, மெல்லிய குச்சியில் வெட்டுமுக மட்டத்தையும் தொட்டி விளிம்பையும் மார்க்கரால் குறித்து வைத்துக்கொண்டு, அதை விட்டுப் பார்க்கலாம்.

மரம் முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லையென்றால், அறுத்தது போதவில்லை அல்லது அறுத்து நெடுநேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அலங்காரம் செய்யுமுன் கண்டுபிடித்தால் இன்னொரு அங்குலம் அறுத்துப் பாருங்கள்.

கட்டுவதும் விளக்கும்

தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் ஸ்டாண்டை மட்டும் நம்ப வேண்டாம். மரத்தின் மேல் மூன்றில் ஒரு பகுதியில் தண்டைச் சுற்றி மீன்பிடி நரம்பைக் கட்டி, சுவரிலோ ஜன்னல் சட்டத்திலோ உள்ள கொக்கியில் இரண்டு திசையில் இழுத்துக் கட்டுங்கள். கண்ணுக்கே தெரியாது. மூலையில் வைத்த மரத்துக்கு இது மிக எளிது.

விளக்கு எல்இடியாக இருக்கட்டும், சூடு குறைவு. கனடாவில் பெட்டியில் சிஎஸ்ஏ என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கும் நீட்டிப்பு வயரின் முனையும் ஸ்டாண்டின் தண்ணீர் சிந்தும் இடத்துக்கு வெளியே, தரையிலிருந்து உயர்த்தி இருக்க வேண்டும். படுக்கப் போகும்போதும் வெளியே போகும்போதும் அணைத்துவிடுங்கள். காய்ந்த மரம் தீப்பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் முழுதாகப் பற்றிக்கொள்ளும், நன்றாகத் தண்ணீர் குடித்த மரத்தை அவ்வளவு எளிதில் பற்றவைக்க முடியாது. ஊசிகள் தொட்டதும் உதிரத் தொடங்கி, கிளையை வளைத்தால் ஒடிகிறது என்றால், கிறிஸ்மஸ் வராவிட்டாலும் மரத்தை வெளியேற்றும் நேரம் வந்துவிட்டது.

எடுக்கும்போது

ஜனவரியில் மரத்தை எடுக்குமுன் தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். பழைய துவாலையை விட்டுப் பிழிந்து எடுக்கலாம், ஈரம் உறிஞ்சும் வாக்குவம் இருந்தால் இன்னும் நல்லது. பையை மேலே இழுத்து மூடி, பை போடவில்லை என்றால் பழைய பெட்ஷீட்டால் சுற்றி, திருகுகளைத் தளர்த்தி மரத்தைச் சாய்த்து எடுங்கள். டொரொண்டோவில் ஜனவரியில் குப்பை எடுக்கும் நாட்களில் மரத்தைத் தனியாக எடுத்துப் போவார்கள். ஸ்டாண்ட், விளக்கு, ஜிகினா எதுவும் அதில் இருக்கக் கூடாது, பிளாஸ்டிக் பையிலும் இருக்கக் கூடாது, தெருவோரம் வைத்ததும் பையை உருவிவிடுங்கள். காண்டோக்காரர்கள் நிர்வாகத்திடம் கேட்டு அவர்கள் சொல்லும் இடத்தில் போட வேண்டும்.

ஸ்டாண்டைக் கழுவும்போது ஒட்டிய பிசினை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உள்ளே ஈரமில்லாமல் காயவிடுங்கள். இரும்புத் திருகுகளின் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, திருகுகளை அதனதன் இடத்திலேயே மாட்டி வையுங்கள். கழற்றித் தனியாகப் பையில் போட்டால் அடுத்த டிசம்பரில் மூன்றுதான் கிடைக்கும். தண்டின் அளவு எத்தனை அங்குலம் வரை என்பதையும், எத்தனை லிட்டர் பிடித்தது என்பதையும் மார்க்கரால் தொட்டியின் அடியில் எழுதிவிட்டால், அடுத்த வருடம் மரம் வாங்கக் கிளம்பும்போது தேட வேண்டியதில்லை.